தேய்ந்த வர்ணத்தில் ஒரு சுவர்த்தட்டு: வன்னி வீடுகளுக்கான செய்முறை

விறாந்தைச் சுவரில் ஒரு சிறிய தட்டு. அதன் மேல் ஓர் அரிக்கன் லாம்பும் இரண்டு ஓலைப்பெட்டிகளும் இருக்கின்றன. தட்டின் வான்நீல வர்ணம் ஓரங்களிலே தேய்ந்து, அடியிலிருந்து காவி நிறம் தெரிகிறது. நகரக் கடைகளில் பழமைத் தோற்றத்துக்காகவே கூடிய விலைக்கு விற்கப்படும் இத்தகைய தட்டை, பிறர் கழித்துவிட்ட பலகையையும் வீட்டுச் சுவருக்குப் பூசிய பின் வாளியின் அடியில் மிஞ்சிய எமல்சன் என்னும் நீர்வர்ணத்தையும் கொண்டு, தச்சுவேலை பழகாத ஒருவரும், பலகை காய்ந்த பின் இரண்டு மூன்று நாள்களில் செய்துகொள்ளலாம்.

நான் முதன்முறை இதைச் செய்தபோது பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பூசின பெயின்ற்றை ஏன் பிள்ளை சுரண்டுறாய்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது நிலையும் சுவரும் மட்டும் மிஞ்சிய வீடுகளைக் கண்டவர்களுக்கு, உடைந்ததும் உரிந்ததும் அழகாகத் தோன்ற வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே இங்கு நான் விளக்கப்போவது கைபட்டுக் கைபட்டு உண்டாகும் தேய்வை மட்டுமே. அம்மம்மாவின் பெட்டகத்தில் மூடியைத் தூக்கும் இடத்திலும், படலையில் கொளுக்கியைத் தள்ளும் இடத்திலும், வாங்கில் மனிதர் அமரும் முன்விளிம்பிலும் வர்ணம் போயிருக்கும். கை எட்டாத மூலைகளில் அது அப்படியே இருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்கப் பழகியவருக்கு மற்ற வேலைகள் எல்லாம் இலகு.

பலகை தேடுதல்

மிக மலிவான பலகை, தரையோடும் கண்ணாடியும் விற்கும் கடைகளின் பின்புறத்தில் கிடக்கிறது. பாரமான சரக்குகளை வைத்து ஏற்றிவரும் மரத்தட்டுகளைப் ‘பலெட்’ என்று கேட்டால் கடைக்காரர் காட்டுவார். கிளிநொச்சி, வவுனியா போன்ற ஏ9 வீதி நகரங்களில் அவை சில வேளைகளில் விறகு விலைக்கே கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வந்த பலெட்டாயின், அதன் பக்கக் கட்டையில் கோதுமைக் கதிர் அடையாளத்துடன் ஒரு முத்திரை இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளில் எச்.டி. (HT) என்றிருந்தால் அது சூடேற்றிப் பூச்சி நீக்கப்பட்ட மரம்; எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட்டு வாயுவால் புகையூட்டப்பட்ட மரம். முதலாவதை எடுங்கள், இரண்டாவதை விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கறை படிந்த பலகையையும், கிருமிநாசினி மணம் வீசும் பலகையையும் எந்த முத்திரை இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

வீடு திருத்தும்போது கழற்றிய யன்னல் சட்டம், கதவுப் பலகை, கூரையிலிருந்து இறக்கிய பனஞ்சிலாகை ஆகியவையும் இந்த வேலைக்கு ஏற்றவை. பழைய வர்ணம் உள்ள மரத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இலங்கையில் வர்ணங்களில் கலந்திருக்கக்கூடிய ஈயத்தின் அளவுக்கு 2013 ஆம் ஆண்டு முதலே எல்லை விதிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட எனாமல் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும். அத்தகைய மரத்தை உலர்ந்த நிலையில் அரத்தாளால் (சாண்ட் பேப்பர்) தேய்த்தால் எழும் தூள், தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். ஆகையால் நீர்த்தாள் எனப்படும் கறுப்பு அரத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சிறுபிள்ளைகளோ இருந்தால் பழைய வர்ணம் பூசிய மரத்தைத் தேர்ந்தெடுக்காமல் விடுவதே மேல்.

வன்னிப் பகுதியில் வளர்ந்த மரத்தில் வாள் வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. போர்க்காலத்தில் நின்ற பனைகளுக்குள்ளும் வேம்புகளுக்குள்ளும் எறிகணைச் சிதறல்களும் சன்னங்களும் புதைந்திருப்பதை மரக்காலையில் வேலை செய்பவர்கள் நன்கறிவார்கள். வாளின் பல் முறிந்த பின்புதான் சில வேளைகளில் அது தெரியவரும். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பலகையின் இரு முகங்களிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்கும் இடத்தையும், கருநீலக் கறை பரவியிருக்கும் இடத்தையும் தவிர்த்து அரியுங்கள். அலங்காரத்துக்கென்று பற்றைகளுக்குள்ளும் கைவிடப்பட்ட காணிகளுக்குள்ளும் பழைய இரும்பு தேடிப் போவது கூடவே கூடாது. இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பிப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். இடிந்து கிடக்கும் வீட்டுக்கும் உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத்தகட்டை அரிந்து சட்டமாக்கும் யோசனை தோன்றினால், அதன் தூள் நுரையீரலுக்கு ஆபத்தானது என்பதால், அதையும் கைவிடுங்கள்.

முதிரை, பாலை, தேக்கு போன்றவற்றை அனுமதிப்பத்திரமின்றிக் காட்டில் வெட்டுவதும் வாகனத்தில் கொண்டுசெல்வதும் குற்றம். இந்த வேலைக்கு அவை தேவையுமில்லை. முதிரையின் மஞ்சள் வைரத்தை வர்ணத்தால் மூடுவதைப் போன்ற வீண் செயல் வேறில்லை, அதன் தூளும் சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும்.

பூச்சியும் ஈரமும்

கிடைத்த பலகையை நிலத்தில் தட்டிப் பாருங்கள். மா போன்ற மெல்லிய தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. பலகை பாதி உளுத்திருந்தால் அடுப்புக்குக் கொடுத்துவிடலாம். நல்ல பலகையைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, செங்கல் மேல் இடைவெளி விட்டு அடுக்கி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் ஒரு கிழமையாவது காயவிடுங்கள். நேர் வெயிலில் போட்டால் மெல்லிய பலகை வளைந்துவிடும். வெறுநிலத்தில் வைத்தால் ஓர் இரவிலேயே கறையான் புற்றெடுக்கும்.

காய்ந்த பின், மருந்துக்கடையில் கிடைக்கும் போரிக் அமிலத்தூள் 50 கிராமை ஒரு லீற்றர் சுடுநீரில் கரைத்து, எல்லாப் பக்கங்களிலும், குறிப்பாக வெட்டிய முனைகளில், இரு தடவை தூரிகையால் பூசுங்கள். கறையானுக்கும் மரவண்டுக்கும் எதிராக, வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு இது போதும். மழையில் நனையும் இடத்தில் கழுவுண்டு போய்விடும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் கரைசலை வைத்திருங்கள். வேலிக்கட்டைக்குப் பூசுவது போலக் கழிவு ஒயிலைப் பூசும் எண்ணம் பலருக்கு வரும். ஒயில் ஊறிய பலகையில் எந்த வர்ணமும் பிடிக்காது.

அரிதலும் பொருத்துதலும்

பலெட் பலகை பொதுவாக 10 சென்ரிமீற்றர் அளவு அகலமுடையது. 60 சென்ரிமீற்றர் நீளத்தில் மூன்று துண்டுகளை அரிந்து, இரண்டை அருகருகே வைத்துத் தட்டாகவும், ஒன்றை நிறுத்திப் பின்பலகையாகவும் பயன்படுத்துங்கள். தட்டின் முழு ஆழத்தையும் தாங்கக்கூடியதாக இரண்டு முக்கோணத் தாங்கிகளைத் தடித்த கட்டையிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். 80 ஆம் இலக்க அரத்தாளால் சிராய்களையும், 120 ஆம் இலக்கத்தால் முகத்தையும் தேய்க்க வேண்டும். (கடையில் அரத்தாள் என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள், ‘சாண்ட் பேப்பர்’ என்று கேளுங்கள்.) கண்ணாடி போல மழமழப்பாக்கிவிடாதீர்கள், ஆணித்துளையும் வாள் தடமும் இருக்கட்டும். சங்கிலியால் அடித்தும் ஆணியால் குத்தியும் செயற்கையாகக் காயமுண்டாக்கும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுங்கான இடைவெளியில் விழும் அந்தக் குழிகள், நேற்று அடித்தவை என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மூட்டுகளில் பைண்டர் கம் எனப்படும் வெள்ளை மரப்பசையைத் தடவி, திருகாணியால் இறுக்கி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். முழுவதையும் பொருத்திய பின்பே வர்ணம் பூச வேண்டும். தனித்தனியாகப் பூசித் தேய்த்துப் பின்னர் பொருத்தினால், ஒரு பலகையின் தேய்வு அடுத்த பலகைக்குத் தொடராமல் மூட்டிலேயே நின்றுவிடும்; பொருள் வேறு, வர்ணம் வேறு என்று தோன்றும்.

பைன் மரப் பலெட்டுகளில் முடிச்சுகளிலிருந்து பிசின் கசிந்து, வெளிர்நிற வர்ணத்தின் மேல் சில மாதங்களில் மஞ்சள் வட்டமாகத் தெரியும். தளபாடத்துக்குப் பூசும் அரக்குப் பொலிஷை அந்த முடிச்சுகளின் மேல் மட்டும் இரு தடவை தொட்டுவிட்டால் கசிவு அடங்கும்.

வர்ணம் தயாரித்தல்

இரண்டு நிறங்கள் வேண்டும். அடியில் அடர்ந்த நிறம், மேலே வெளிர்நிறம். எங்கள் ஊர்ப் பழைய யன்னல்களில் நான் அதிகம் கண்டவை பச்சையும் வான்நீலமும் ஆகையால், மேல்நிறமாக அவற்றில் ஒன்றை நீர்த்த சாயலில் தேர்ந்தெடுக்கிறேன். அடிநிறத்துக்குத் தனி வர்ணம் வாங்க வேண்டியதில்லை. சிவப்புச் சீமெந்து நிலத்துக்குப் போடும் காவித்தூளில் இரண்டு தேக்கரண்டியை எடுத்து, முதலில் சிறிது தண்ணீரில் களியாகக் குழைத்து, ஒரு யோகட் கப் அளவு வெள்ளை எமல்சனில் கலந்தால் செங்கல் நிறம் வரும். கறுப்புத்தூள் ஒரு சிட்டிகை சேர்த்தால் அது பழைய மரத்தின் நிறத்தை நெருங்கும். தூளைக் குழைக்காமல் நேரே போட்டால் பூசும்போது சிவப்புப் புள்ளிகள் இழுபடும்.

மேல்வர்ணம் இலகுவில் தேய வேண்டுமென்றால் அதில் சுண்ணத்தன்மை வேண்டும். மினுமினுப்பற்ற எமல்சன் மூன்று கப், பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் தூள் ஒரு கப், தண்ணீர் ஒரு கப் என்பது அளவு. தூளைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்த பின்பே வர்ணத்தில் சேருங்கள். கலவை சிறிது சிறிதாக இறுகும் என்பதால் ஒரு மணித்தியாலத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவை மட்டும் கலக்க வேண்டும். முதன்முறை நான் ஒரு பால்மாப் பேணி நிறையக் கலந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோனேன். திரும்பி வந்தபோது தூரிகை பேணிக்குள் நட்ட கம்பமாக நின்றது. பிளாஸ்டர் கிடைக்காவிட்டால் வெண்கட்டித் துண்டுகளைப் போத்தலால் நசுக்கி, துணியில் சலித்து அதே அளவில் சேர்க்கலாம். அது இறுகாது, ஆனால் சற்றுக் கரகரப்பாக இருக்கும்.

எனாமல் வேண்டாம். அது காய நீண்ட நேரம் எடுக்கும். காய்ந்த பின் தூளாகத் தேயாமல் தோலாக உரியும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு லீற்றர் எமல்சன் போதும்; இந்த அளவுள்ள ஒரு தட்டுக்கு ஒரு பூச்சுக்கு 100 மில்லிலீற்றர்கூடத் தேவைப்படாது.

பூசுதல்

எமல்சன் வன்னி வெயிலில் அரை மணித்தியாலத்தில் தொடும் பதத்துக்குக் காயும். மாரியில் ஓர் இரவு விட வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை இந்த வேலையைத் தொடங்காமலிருப்பது நல்லது. சோளகம் வீசும் மாதங்களில் ஈரம் பிரச்சினையல்ல, கிரவல் வீதியிலிருந்து வரும் செந்தூசுதான் பிரச்சினை. காற்று எழும் முன், விடியற்காலையில், வீட்டின் காற்று மறைவான பக்கத்தில் பூசுங்கள்.

அடிநிறத்தை ஒரு பூச்சு பூசி, நன்றாகக் காய்ந்த பின், வெள்ளை மெழுகுதிரி ஒன்றை எடுங்கள். தட்டை இனிமேல் யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு தடவை கற்பனை செய்து பாருங்கள். பொருளை எடுக்கும்போது விரல் படுவது முன்விளிம்பின் நடுப்பகுதியில். லாம்பை இழுத்து வைப்பது தட்டின் வலப்பக்கத்தில். துடைப்பத்தின் முனை இடிப்பது கீழ்த்தாங்கியின் மூக்கில். அந்த இடங்களில் மட்டும் மெழுகை அழுத்தித் தேயுங்கள். பின்பலகையின் உள்மூலைகளில் மெழுகு வேண்டாம், அங்கே எவர் கையும் போகாது. விளிம்பு முழுவதும் ஒரே தடிப்பில் மெழுகு பூசுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. தேய்த்த பின் அது கரை போட்ட சேலை போலத் தெரியும். நிற மெழுகுதிரியின் சாயம் ஊறிவிடும் ஆகையால் வெள்ளையே நல்லது.

அதன் மேல் வெளிர்நிறக் கலவையை ஒரே திசையில் இரண்டு மெல்லிய பூச்சுகளாகப் பூசி, குறைந்தது இரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

தேய்த்தல்

முதலில் முரட்டுத் துணியால் துடைத்தாலே மெழுகுள்ள இடங்களில் வர்ணம் கழன்று வரும். பின்னர் 180 அல்லது 220 ஆம் இலக்க அரத்தாளைக் கட்டையில் சுற்றாமல் விரல்நுனியில் பிடித்து, மரநாரின் திசையிலேயே தேயுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். சில இடங்களில் மேல்நிறம் மட்டும் போய்க் காவி தெரியட்டும். மிக அதிகம் கைபடும் ஓரிரு இடங்களில் காவியும் போய் மரமே தெரியட்டும். நீலத்திலிருந்து காவிக்கும், காவியிலிருந்து மரத்துக்கும் படிப்படியாக இறங்கும் இந்த மூன்று நிலைகளே, பல ஆண்டுகள் பழகிய பொருள் என்ற எண்ணத்தை உண்டாக்குகின்றன. நேர்கோடாக முடியும் தேய்வு அந்த எண்ணத்தைக் கெடுக்கும்.

இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பது என் வழக்கம். அருகிலிருந்தால் கை நிற்காது. போதாது என்று தோன்றினால் மறுநாளும் தேய்க்கலாம். கூடிப்போனால் மீண்டும் பூச வேண்டிவரும்.

வர்ணம் மிகப் புதிதாகப் பளிச்சிட்டால், அடிநிறத்தில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, சிறிய பகுதியாகத் துணியால் தடவி உடனே துடைத்துவிடுங்கள். பள்ளங்களிலும் மூட்டுகளிலும் மட்டும் அழுக்குப் போலத் தங்கும்.

வெடிப்பு விழுந்த வர்ணம் விரும்புவோர், மெழுகுக்குப் பதிலாகக் காய்ந்த அடிநிறத்தின் மேல் பைண்டர் கம்மைச் சீராகத் தடவி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே எமல்சனை ஒரே இழுப்பில் பூச வேண்டும். இரண்டாம் முறை தூரிகை பட்டால் வெடிப்பு மூடிக்கொள்ளும். தடித்த பசைக்குப் பெரிய வெடிப்பும், மெல்லிய பசைக்குச் சிறிய வெடிப்பும் விழும். பிளாஸ்டர் சேர்த்த கலவை இதற்கு ஆகாது.

பனஞ்சிலாகைக்கு வேறு முறை

பனையை இப்படி மூடிப் பூசுவது பாவம். அதன் கறுத்த நாரும் இடையிலுள்ள மென்மையான சோற்றுப்பகுதியுமே அதன் அழகு. வயர் பிரஷால் நாரின் திசையில் அழுத்தித் தேய்த்தால் மென்பகுதி கழன்று, கறுப்பு நார்கள் மேடாக நிற்கும். கையுறை அணியாமல் இதைச் செய்யாதீர்கள். பனஞ்சிராய் நகத்துக்குள் ஏறினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. பிறகு சம அளவு தண்ணீர் சேர்த்த வெள்ளை எமல்சனைத் தடவி, இரண்டு நிமிடத்தில் ஈரத்துணியால் குறுக்காகத் துடையுங்கள். பள்ளங்களில் வெள்ளை தங்க, மேட்டில் கறுப்பு தெரியும். நான்கு சிலாகைகளை இவ்வாறு செய்து மூலைகளைப் பொருத்தினால் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு நல்ல சட்டம் கிடைக்கும். ஒரே சிலாகையில் நான்கு கொளுக்கிகள் அடித்தால் திறப்புகளும் குடையும் தொங்கவிடலாம்.

மெருகும் மாட்டுதலும்

மெழுகு பயன்படுத்திய தட்டின் மேல் நீர் வார்னிஷ் சரியாக ஒட்டாது. ஆகவே மெழுகாலேயே முடிப்பது பொருத்தம். காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் அடை பிழிந்த பின் மிஞ்சும் தேன்மெழுகைக் கேட்டு வாங்குங்கள். அது ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். ஒரு பங்கு மெழுகைப் பேணியில் இட்டு, சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, அடுப்பிலிருந்து வெகுதூரம் வெளியே கொண்டுபோன பின் இரண்டு பங்கு டேர்பன்டைன் சேர்த்துக் கலக்க வேண்டும். டேர்பன்டைன் தீப்பற்றக்கூடியது, நெருப்புக்கு அருகே இதைச் செய்யவே கூடாது. ஆறியதும் வெண்ணெய்ப் பதத்தில் வரும் கலவையைப் பழைய சாரத்துணியால் மெல்லியதாகத் தடவி, கால் மணித்தியாலத்தின் பின் துடைத்து மெருகேற்றுங்கள். பயன்படுத்திய துணியைச் சுருட்டி மூலையில் போடாமல், கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

சீமெந்துக் கல் சுவரில் 6 மில்லிமீற்றர் துளையிட்டு, திருகாணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழலான றோல் பிளக்கைச் செருகித் திருகாணியால் மாட்டலாம். பூச்சில் மட்டும் பிளக் நின்றால் பாரம் தாங்காது. அது கல்லுக்குள் குறைந்தது மூன்று சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். மண்சுவர் வீட்டிலும் தகரக் கொட்டிலிலும் சுவரை நம்பாமல், தட்டின் நான்கு மூலைகளிலும் துளையிட்டுத் தும்புக்கயிறு கோத்துக் கூரை வளையில் தொங்கவிடுங்கள். சுவரோடு மாட்டும் தட்டுக்குப் பின்னால் இரண்டு சிறிய மரத்துண்டுகளை ஒட்டி ஒரு விரற்கடை இடைவெளி விட்டால், மாரியில் சுவர் ஊறும்போது ஈரம் பலகைக்கு ஏறாது, சுவர்வழியே கறையான் ஏறினாலும் அதன் மண்கோடு கண்ணுக்குத் தெரியும்.